2.94 என்ற எண்ணும் மூன்று விளக்குகளும்

கேள்வி: கொங்குப் பகுதியில் உள்ள தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றில், மின்னியல் துறையில் ஆறு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்காகத் துறையின் சி.ஓ. (ஒரு பாடம் முடிந்ததும் மாணவர் பெற வேண்டிய பாட விளைவு), பி.ஓ. (பட்டப்படிப்பு முடிந்ததும் பெற வேண்டிய விளைவு) கணக்குகளைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் செமஸ்டரில் 60 மாணவர்களுக்கு நான் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில், சுற்றுத் தேற்றங்கள் பற்றிய இரண்டாம் பாட விளைவுக்கு 3-க்கு 2.94 கிடைத்தது. அதே மாணவர்களிடம் நான்காம் செமஸ்டர் ஆய்வக வைவாவில் ஓர் எளிய சுற்றைக் காட்டி, இந்தக் கிளையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் கையைப் பிசைகிறார்கள். இன்னொரு பக்கம், நான்காம் பாட விளைவு 2-க்கு இறங்கிவிட்டது. 60 மதிப்பெண் இலக்கை 50 ஆக்கி அதையும் 3 ஆக்கிவிடும்படி துறைத் தலைவர் சொல்கிறார். மாணவர்கள் உண்மையில் கற்றதை அளக்க வழி இருக்கிறதா, அல்லது இது காகித வேலைதானா? மூன்று பாடங்களும் ஓர் ஆய்வகமும் எடுக்கும் எனக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புடையீர்,

நீங்கள் எழுதியிருக்கும் 2.94 பொய்க் கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். விதிப்படி போட்ட சரியான கணக்குதான் அது. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. அது சொல்வதெல்லாம், நாம் வைத்த தேர்வில் நாம் வைத்த கோட்டை எத்தனை பேர் தாண்டினார்கள் என்பதை மட்டுமே. தாண்டியவருக்குச் சுற்று புரிந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு அளவுகோல் வேண்டும். முப்பது ஆண்டுகள் இதே துறையில் பாடம் நடத்தி, பிறகு பல கல்லூரிகளுக்கு அங்கீகாரக் குழுவில் மதிப்பீட்டாளராகப் போய்வந்தவன் என்ற முறையில், இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எண்ணையே பிரித்துப் பார்ப்போம். வழக்கமான முறையில், வகுப்பில் 60 விழுக்காட்டினர் இலக்கு மதிப்பெண்ணைத் தொட்டால் நிலை 1, 70 விழுக்காட்டினர் தொட்டால் நிலை 2, 80 விழுக்காட்டினர் தொட்டால் நிலை 3. உங்கள் வகுப்பில் 60 பேரில் 48 பேர் தொட்டிருந்தாலே 80 விழுக்காடு ஆகிவிடும். நிலை 3 கிடைக்கும். நேரடி அளவீட்டுக்கு 80 விழுக்காடு எடை என்பதால் அதில் 2.4; கோர்ஸ் எக்ஸிட் சர்வேயில் (பாட முடிவில் எடுக்கும் கருத்துக் கணிப்பில்) மாணவர்கள் கொடுத்த சராசரி 2.7 என்றால், அதற்கான 20 விழுக்காடு எடையில் 0.54; கூட்டினால் 2.94. அநேகமாக உங்களுக்கும் இப்படித்தான் வந்திருக்கும். இப்போது அந்த 48 பேரில் ஒரே ஒரு மாணவர் இலக்குக்கு ஒரு மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 பேர் என்பது 78.3 விழுக்காடு. நேரடி நிலை 2 ஆகிவிடும், மொத்தம் 2.14-க்குச் சரியும். ஒருவருடைய ஒரு மதிப்பெண் துறையின் எண்ணில் 0.8 வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. மறுபுறம், இலக்கைத் தொடாத 12 பேரும் பூஜ்ஜியம் வாங்கியிருந்தாலும் 59 வாங்கியிருந்தாலும் 2.94 அசையாது. இத்தகைய எண்ணை இரண்டு தசம இடம் வரை எழுதுவது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைக் கல்லூரி நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு என்று பல இளம் ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டு அதன்மேல் கோபப்படுகிறார்கள். ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு சமமாக ஏற்றுக்கொள்வதற்காக 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் வாஷிங்டன் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இந்தியா 2007-இல் தற்காலிக உறுப்பினராகி, 2014 ஜூன் மாதத்தில் என்.பி.ஏ. வழியாக முழு உறுப்பினரானது. கட்டடம் எத்தனை, ஆசிரியர் எத்தனை என்று எண்ணுவதை மட்டும் நம்பாமல், பட்டம் பெற்றவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று காட்டு என்பதே அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. நீண்ட காலம் 12 ஆக இருந்து, அண்மைத் திருத்தத்தில் 11 ஆன பி.ஓ. பட்டியல் அதிலிருந்து வந்ததுதான். எண்ணம் நல்ல எண்ணம். அதை எக்ஸெல் தாளில் இறக்கிய விதத்தில்தான் கோளாறு.

கோளாறு கணக்கில் தொடங்குவதில்லை, வினாத்தாளில் தொடங்குகிறது. உங்கள் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சி.ஓ. எண்ணும், புளூம் வகைப்பாட்டின்படி, நினைவுகூர்தலான கே1 முதல் உருவாக்குதலான கே6 வரை ஒரு குறியும் போட்டிருப்பீர்கள். 1956-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டில் குறை எதுவும் இல்லை. நாம் குறியிடும் விதத்தில்தான் குறை. "கொடுக்கப்பட்ட சுற்றில் தெவெனின் தேற்றத்தைப் பயன்படுத்திச் சுமை மின்தடை வழியே பாயும் மின்னோட்டத்தைக் காண்க" என்ற 13 மதிப்பெண் கேள்விக்கு நாம் கே3, அதாவது பயன்படுத்துதல், என்று குறியிடுகிறோம். ஆனால் அதே படம், மின்தடை மதிப்புகள் மட்டும் மாறி, வினா வங்கியில் ஐந்து முறை வந்திருக்கிறது. நீங்களே கரும்பலகையில் இரண்டு முறை போட்டிருப்பீர்கள். சுமையைக் கழற்று, மின்னழுத்த மூலத்தைக் குறுக்குச்சுற்றாக்கு, மின்தடையைக் கண்டுபிடி, சமச் சுற்றை வரை என்று படிகளை ஒப்பிக்கும் மாணவருக்கு அது கே1. எந்தத் தேற்றம் என்று கேள்வியே சொல்லிக்கொடுத்துவிட்ட பிறகு, தேர்ந்தெடுப்பதற்கு அவருக்கு என்ன மீதம் இருக்கிறது? கேள்வியின் படிநிலை கேள்வியில் இல்லை, அதற்கு முன் வகுப்பில் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. வைவாவில் கையைப் பிசைவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கற்றதை அளக்க வழி இருக்கிறது. அதற்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை. தேற்றங்கள் எல்லாம் முடிந்த வகுப்பின் கடைசி பத்து நிமிடங்களில் பலகையில் இந்தச் சுற்றை வரையுங்கள். ஒரு மின்கலம்; அதனுடன் தொடரிணைப்பில் விளக்கு 'அ'; அதன் பின்னால் பக்க இணைப்பில் விளக்கு 'ஆ', விளக்கு 'இ'. மூன்றும் ஒரே மாதிரி விளக்குகள். 'இ'யை மட்டும் கழற்றிவிட்டால், 'அ', 'ஆ' இரண்டின் வெளிச்சமும் கூடுமா, குறையுமா, மாறாதா? எண் எதுவும் கொடுக்காதீர்கள். பதில் ஒரு சொல்லிலும், காரணம் இரண்டு வரியிலும் இருக்கட்டும். பெயர் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

விடை உங்களுக்குத் தெரியும். முதலில் மொத்த மின்தடை ஒரு விளக்கின் மின்தடையைப் போல் ஒன்றரை மடங்கு. கழற்றியபின் இரண்டு மடங்கு. மொத்த மின்னோட்டம், ஒரு விளக்கு மட்டும் இருந்தால் பாய்வதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து பாதியாகக் குறைவதால் 'அ' மங்கும். 'ஆ'வுக்கு முன்பு கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு; இப்போது பாதி முழுவதும் அதன் வழியே போவதால் அது பிரகாசிக்கும். கணு சமன்பாடுகளைத் தடையில்லாமல் போடும் வகுப்புகளில் இதைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் தவறாகவே எழுதினார்கள். முதல் முறை எனக்கு அது அவமானமாக இருந்தது. தாள்களைப் பிரித்து வைத்துப் படித்த பிறகுதான் அந்தத் தவறுகள் எனக்குப் பாடம் சொல்லத் தொடங்கின.

தவறுகள் மூன்று கட்டாகப் பிரிந்தன. ஒரு கட்டு, "'ஆ'வில் மாற்றமில்லை, பக்க இணைப்பில் மின்னழுத்தம் மாறாது" என்று எழுதியது. இவர்கள் ஒரு விதியை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், அது எப்போது பொருந்தும் என்பதைச் செய்யவில்லை. வீட்டு ஒயரிங்கில் உண்மையான ஒன்றை, முன்னால் இன்னொரு மின்தடை நிற்கும் சுற்றிலும் ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது கட்டு, "'அ'வில் மாற்றமில்லை, அது மின்கலத்துக்கு முதலில் இருக்கிறது" என்றது. மின்னோட்டம் ஆற்று நீர் போல மேலிருந்து கீழே வருகிறது, கீழ் மடையை அடைத்தால் மேல்மடைக்குத் தெரியாது என்பது இவர்கள் மனத்தில் உள்ள படம். கிர்ச்சாஃப் விதியை எத்தனை முறை எழுதினாலும் அந்தப் படம் அழியவில்லை. மூன்றாவது கட்டு, "ஒரு விளக்கு குறைந்ததால் மீதி இரண்டுக்கும் அதிக மின்சாரம் கிடைக்கும்" என்றது. மின்கலம் நிலையான அளவு மின்னோட்டத்தை வழங்கும், இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர்கள் எண்ணம். மூன்று கட்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. இரண்டாவது கட்டுக்குத் தெவெனின் கணக்கு இன்னும் பத்துப் போட்டாலும் பயனில்லை. ஆய்வகத்தில் மேல்கிளையில் ஓர் அம்மீட்டரை வைத்துக் கீழ்க்கிளையைக் கழற்றிக் காட்ட வேண்டும்.

நான் அளவீடு என்று சொல்வது இதைத்தான்: எத்தனை பேர் எந்தக் கட்டில் இருக்கிறார்கள் என்ற நான்கு எண்கள், சரியாக எழுதியவர்களையும் சேர்த்து. அதைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அடுத்த வகுப்பில் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியும், 2.94-ஐக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு படியும் உண்டு. செமஸ்டர் முடிவில் மட்டும் அளந்தால், மாணவர் என்ன தெரிந்துவைத்திருக்கிறார் என்பது தெரியும். உங்கள் வகுப்பில் எவ்வளவு கற்றார் என்பது தெரியாது. உங்கள் மூன்றாம் செமஸ்டர் வகுப்பில் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் சிலர் இருப்பார்கள். ஒயரைக் கையில் தொட்டுப் பழகியவர்கள். மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். இருவரையும் ஒரே கடைசி மதிப்பெண்ணால் அளப்பது இருவருக்கும் நியாயமில்லை. ஆகவே இத்தகைய எட்டு அல்லது பத்துக் கேள்விகளைப் பாடம் தொடங்கும் முன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் கொடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட உயர்வை, உயர்வதற்கு மீதமிருந்த இடத்தால் வகுக்க வேண்டும். ஒரு வகுப்பு 30 விழுக்காட்டில் தொடங்கி 58-இல் முடிந்தால், மீதமிருந்த 70-இல் 28 ஏறியிருக்கிறது, விகிதம் 0.4. இன்னொரு வகுப்பு 60-இல் தொடங்கி 72-இல் முடிந்தால், 40-இல் 12, விகிதம் 0.3. மதிப்பெண் பட்டியல் இரண்டாவது வகுப்பைத்தான் பாராட்டும், ஆனால் அதிகம் கற்றது முதல் வகுப்பு.

இது நான் உருவாக்கிய முறை இல்லை. விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்க அமெரிக்காவில் ஹெஸ்டனெஸும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட சுமார் 30 கேள்விகள் கொண்ட தேர்வை வைத்து, ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளில் 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார். விரிவுரை மட்டும் நடந்த 14 வகுப்புகளில் இந்த விகிதத்தின் சராசரி 0.23, மாணவர்களைக் கேள்வியிலும் விவாதத்திலும் ஈடுபடுத்திய 48 வகுப்புகளில் 0.48. விரிவுரை நடத்தியவர்களில் நல்ல பேச்சாளர்களும் இருந்திருப்பார்கள். பேச்சு நன்றாக இருந்தது என்பதும் கற்றல் நடந்தது என்பதும் வேறு வேறு என்பதை எண்ணால் காட்டிய ஆய்வு அது. விரிவுரையில் ஓரளவு பெயர் வாங்கியிருந்த எனக்கு அதைப் படித்தபோது சற்று வலித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த விகிதத்தை உங்கள் கல்லூரியின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஏற்ற விடாதீர்கள். ஏற்றினால், அடுத்த ஆண்டே முன்தேர்வை வேண்டுமென்றே கடினமாக்கி, பின்தேர்வுக் கேள்விகளை முந்தைய வாரம் வகுப்பில் நடத்துபவர்கள் தோன்றிவிடுவார்கள். ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று அமெரிக்கச் சமூக உளவியல் அறிஞர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே எழுதினார். சி.ஓ. நிலைகளுக்கு நடந்ததும் அதுதான். கல்லூரிகளுக்கிடையே ஒப்பிடும் ஆசையும் வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 17 நாடுகளிலும் பகுதிகளிலும் உயர்கல்வி மாணவர்களின் கற்றல் விளைவுகளை ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா என்று ஏஹெலோ என்ற பெயரில் முயன்று பார்த்தது; பொறியியலும் பொருளியலும் அதில் இருந்தன. 2012, 2013 ஆண்டுகளில் அறிக்கைகள் வந்ததோடு சரி, அது முழு அளவிலான தேர்வாக வளரவில்லை. ஒரு வகுப்புக்குள் அளப்பது அவ்வளவு கடினமில்லை.

பி.ஓ. மேப்பிங் (எந்தப் பாடம் எந்த பி.ஓ.வுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1 முதல் 3 வரை நிரப்பும் தாள்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மின்சுற்றுப் பாடத்துக்கு எதிரே அறநெறி, வாழ்நாள் கற்றல், நிதி மேலாண்மை எல்லாவற்றுக்கும் 2, 3 என்று நிரப்பிய தாள்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். பொறியியல் அறிவு, சிக்கலைப் பகுத்தாய்தல், வேண்டுமானால் நவீனக் கருவிகள், இவற்றோடு நிறுத்திக்கொண்டு மற்றக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். குழுப்பணியும் கருத்துப் பரிமாற்றமும் அளக்கப்பட வேண்டிய இடம் இறுதியாண்டு புராஜெக்ட். அங்கே ஒரே அறிக்கையை இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பிட்டு, 10-க்கு 2-க்கு மேல் வேறுபட்டால், மாணவரைக் குறை சொல்லும் முன் நம் ரூப்ரிக்கின் (மதிப்பீட்டு அளவுகோல் பட்டியலின்) சொற்களைத் திருத்த வேண்டும். எக்ஸிட் சர்வேயும் அப்படித்தான். கடைசி வகுப்பில் கூகுள் ஃபார்மை அனுப்பினால் எல்லாரும் 5-ஐத் தட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அதில் ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள்: "இந்தப் பாடத்தில் எந்தப் பகுதியை ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்குவாய்?" அதற்கு வரும் பதில்கள் 5-களைவிடப் பயன்படும்.

இனி உங்கள் துறைத் தலைவர். அவர் நிலையையும் பார்க்க வேண்டும். அங்கீகாரக் குழுவின் விசிட்டுக்கு முந்தைய இரவில் ஜெராக்ஸ் கடைக்காரரை எழுப்பி கோர்ஸ் ஃபைல் (பாடப் பதிவுக் கோப்பு) அடித்தவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நான் போன குழுக்களில், நான்காம் பாட விளைவு 2-இல் நிற்கிறது என்பதற்காக யாரும் ஒரு துறையைக் குறைத்து மதிப்பிட்டதில்லை. இலக்கு எட்டப்படவில்லை, காரணம் இது, அடுத்த ஆண்டு இதை மாற்றினோம், விளைவு இப்படி ஆனது என்று ஒரு பக்கம் இருந்தால் அதுவே தொடர் மேம்பாடு என்ற அளவுகோலுக்கான சான்று. மாறாக, மூன்று ஆண்டுகளாக எல்லாப் பாடமும் 3, இலக்கு 60-இலிருந்து 50-க்கு இறங்கியிருக்கிறது என்றால், "ஏன் இறக்கினீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது, கேள்வியும் உங்களை நோக்கித்தான் வரும். துறைக் கூட்டத்தில் இதைக் கிளப்ப வேண்டாம். அவர் அறைக்குப் போய், "சார், 2-ஐ 2-ஆகவே வைத்துக்கொள்வோம், நடவடிக்கை அறிக்கை நான் எழுதித் தருகிறேன், விசிட்டில் நமக்கு அது உதவும்" என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது பாதுகாப்பு. நீங்கள் அதைத்தான் கொடுக்கிறீர்கள். அப்படியும் மாற்றச் சொன்னால், இலக்கு மாற்றத்தைத் துறைக் குழுவின் தீர்மானமாகப் பதிவுசெய்து, தேதியுடன் அடுத்த பேட்சிலிருந்து அமலாக்கும்படி கேளுங்கள். நடந்து முடிந்த தேர்வுக்கு இலக்கைப் பின்னோக்கி மாற்றும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேரம் பற்றி: மூன்று பாடத்திலும் இதைச் செய்யாதீர்கள். இந்த செமஸ்டரில் ஒரு பாடம், அதில் நீங்கள் மிக முக்கியம் என்று கருதும் இரண்டு பாட விளைவுகள் போதும். விளக்குக் கேள்வி போன்ற ஒன்றுக்கு 60 தாள்களைப் படித்துக் கட்டுப் பிரிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சி.ஓ. நிலைகளைக் கணக்கிடும் அட்டெயின்மென்ட் எக்ஸெலில் செல்களைத் திருத்தும் நேரத்தைவிட அது குறைவு. அந்த நான்கு எண்களையும், ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு மாதிரித் தாளையும், அடுத்த வகுப்பில் நீங்கள் மாற்றிய ஒன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி கோர்ஸ் ஃபைலில் வைத்துவிடுங்கள். படிவம் கேட்கும் 2.94-உம் அதே ஃபைலில் இருக்கட்டும்; இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் தவறில்லை.

மாணவர்களிடம் முடிவைக் கட்டாயம் காட்டுங்கள். அடுத்த வகுப்பில் நான்கு எண்களையும் பலகையில் எழுதி, எது சரி என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் உள்ளவரோடு வாதாட விடுங்கள். பிறகு ஆய்வக மேசையில் சுற்றைக் கட்டி 'இ'யைக் கழற்றுங்கள். விளக்கு வாங்கும்போது மட்டும் கவனம் தேவை: எல்.இ.டி. இதற்கு ஒத்துவராது, பழைய டார்ச் லைட்டில் வரும் இழை பல்புகளாக, மூன்றும் ஒரே வோல்ட்டேஜில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். சூடேறும்போது இழையின் மின்தடை மாறுவதால் கணக்கில் வந்த மூன்றில் இரண்டு, பாதி என்ற அளவுகள் அப்படியே கிடைக்காது. ஆனால் 'அ' மங்குவதும் 'ஆ' பிரகாசிப்பதும் கடைசி பெஞ்ச் வரை தெரியும்.